நாலும் மூன்றும்

இருபத்தொன்பது வருஷம்
ஆனைக்கோட்டைக்கும் கொக்குவிலுக்கும் இடையில்
சைக்கிளில் போய்
மற்றவர்களின் மீற்றர் பார்த்தவன் நான்.
படலையில் மணி அடித்து, நாயைக் கட்டச் சொல்லி,
இலக்கம் எழுதி, துண்டைக் கிழித்துக் கொடுத்து
அடுத்த வளவு.
கூடிப்போச்சு என்று ஆரும் சண்டைக்கு வந்தால்
என்னிடம் இருந்தது ஒரு பதில்தான்:
நான் எழுதிறது ஓடினதை, அம்மா.
என்ன எரிஞ்சது எண்டு மீற்றருக்குத் தெரியாது.

டொக்டர் சுபாங்கினி
அதையே எனக்குத் திருப்பிச் சொன்னா.
பீ.எஸ்.ஏ. பதினொன்று தசம் மூன்று.
போன தையில் ஆறு தசம் எட்டு.
அதற்கு முந்தி நாலு தசம் ஒன்று,
லாச்சிக்குள் போட்டு மறந்தது.
"இது ஒரு எண் மட்டும், ஐயா.
வீக்கத்திலயும் ஏறும், கிருமியிலயும் ஏறும்,
வயசுக்கும் ஏறும்.
சைக்கிள் ஓடினாலும் கொஞ்சம் ஏறலாம்."

இரண்டு நாள் சைக்கிளைத் தொடவேண்டாம் என்றா.
மற்றதும் வேண்டாம் என்று
மேசையைப் பார்த்துச் சொன்னா.
அந்த இணைப்புத் துண்டிச்சுக் கனகாலம்
என்று நான் சொல்லவில்லை.

நடந்தே போய் மறுபடி இரத்தம் கொடுத்தேன்.
பதினொன்று தசம் ஐந்து.

முன்னிற்கும் சுரப்பி
என்று கிளினிக் சுவரில் படம் போட்டு எழுதியிருந்தது.
சங்கக் கடை வரிசையில்கூட
ஒரு நாளும் முன்னுக்கு நில்லாதவனுக்குள்
இப்படி ஒன்று.

பன்னிரண்டு இடத்தில் ஊசி.
ஒவ்வொன்றுக்கும் ஸ்ரேப்ளர் அடிக்கிற சத்தம்.
எண்ணினேன்.
எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

மூன்று கிழமை கழித்து
"ஏழு" என்றா டொக்டர்.
றிப்போட்டைக் கவிழ்த்து
அதன் முதுகில் வட்டம் வட்டமாகக் கீறினா.
மூன்று எண்டால் இப்பிடி,
ஒவ்வொண்டும் தன் தன் வேலிக்குள்ள.
கோணல்தான், ஆனாலும் தனித்தனி.
நாலு எண்டால்,
பேனை ஒரு வட்டத்தின் சுவரை உடைத்துக்கொண்டு
மற்றதற்குள் இறங்கியது.

ஐந்தைக் கீறவில்லை. நானும் கேட்கவில்லை.
தொண்ணூற்றாறில் திரும்பி வந்து
பழைய மீற்றர்களைக் கணக்கெடுக்கப் போனபோது
சுவரும் இல்லை வேலியும் இல்லை,
எது ஆருடைய வளவு என்று தெரியாமல்
புத்தகத்தை மூடிக்கொண்டு
வெய்யிலுக்குள் நின்றிருக்கிறேன்.

மூன்றும் நாலும் ஏழு.
நாலும் மூன்றும் ஏழு.
இரண்டாம் வகுப்பில்
புளியங்கொட்டை அடுக்கிக் காட்டினார்கள்,
மாற்றி வைத்தாலும் ஒன்றுதான் என்று.
இங்கே ஒன்றில்லையாம்.
எது கூடுதலாகப் பரவியிருக்கோ
அதுதான் முதலில் வருமாம்.
எனக்கு நாலு முதலில்.

"மூண்டு முன்னுக்கு எண்டால் சிலரை
பாத்துக்கொண்டு இருக்கலாம், ஐயா.
உங்களுக்கு அப்பிடி இருக்கேலாது.
வெள்ளிக்கிழமை எலும்பு ஸ்கான் ஒண்டு எடுப்பம்."

தவமலர் குசினி வாசலில்
மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தா.
என்ன வந்தது?
ஏழு.
பத்துக்கோ?
பத்துக்கு.
"பின்னை என்ன, நல்லாத்தானே செய்திருக்கிறியள்."
சிரித்தா. நானும் சிரித்து
கால் கழுவப் போனேன்.

இரவு எல்லா லைற்றும் அணைத்தபின்
டோர்ச்சோடு போய்
எங்கள் மீற்றரைத் திறந்து பார்த்தேன்.
ஒரு சுவிச்சும் போடாத வீட்டில்
தட்டின் கறுப்புப் புள்ளி
மெல்ல வந்தது, போனது,
நான் அசையாமல் நிற்க
திரும்பவும் வந்தது.

பாயில் சரிந்தபோது
அவ நித்திரை இல்லை.
மில்லடிப் பரமசோதிக்கும்
ஏழுதானாம், என்றா முகட்டைப் பார்த்து.
மனுசி எல்லாம் சொன்னவவாம்.
கொஞ்சம் விட்டு,
"உங்களுக்கு முன்னுக்கு நிக்கிறது எது?"

அவ்வளவும் தெரிந்துகொண்டுதான்
பின்னேரம் கிழங்கு உரித்திருக்கிறா.

நாலு, என்றேன்.

தலையணையைத் திருப்பிப் போட்டா.
"ஸ்கான் எப்ப?"