என்கிற

என் குடும்பப் பெயர் ஷார்ட்ஸ்லீவ்.
வெர்மான்ட்டில் இடுப்பளவு பனி கிடக்கும் ஜனவரியில்
வங்கி ஜன்னலுக்குப் பின்னாலிருப்பவள்
"அரைக்கையா?" என்று சிரிப்பாள்.
நானும் சிரிப்பேன். ஐம்பத்திரண்டு வருடப் பழக்கம்.

எல்லை தாண்டி, ரிஷெலியூ ஆற்றோரம்,
பங்குக்கோவில் பதிவேடுகளின் படச்சுருளைச்
சுற்றிக்கொண்டிருக்கிறேன்.
பக்கத்து மேசையில் யாரோ
வெங்காய சூப்பைத் திறக்கிறார்கள், இது நூலகம் என்பதை மறந்து.

1866. அன்ரி கூர்த்மான்ஷ். கூலி.
என் பாட்டனுக்குப் பாட்டன்.
தெற்கே நூற்பாலைக்கு வந்தபோது
சம்பளக் கணக்கு எழுதியவன்
எழுத்துக்கூட்டச் சோம்பி அர்த்தம் கேட்டிருப்பான்.
இவன் தோளிலிருந்து முழங்கை வரை
தொட்டுக் காட்டியிருப்பான்.
அன்றைக்குக் கத்தரித்த சட்டைதான்
இன்னும் என் மேல்.

சுருள் பின்னோக்கி ஓடுகிறது.
1698. மத்துரேன் கெதோன் 'தி' கூர்த்மான்ஷ்.
'தி' என்றால் 'என்கிற'.
பட்டாளம் வைத்த பெயர்.
அதே கூடாரத்தில் கவலையில்லாதவன் என்கிற ஒருவன்,
பூ என்கிற ஒருவன்,
மனசாரப் போ என்கிற ஒருவன்
(எங்கே போனானோ).
இவனுக்கு ஏன் குட்டைக் கை?
வெட்டுப்பட்டதா?
தையற்காரன் துணி திருடினானா?
கை நீளமானவனை
கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட்டார்களா?
பாதிரியார் எழுதவில்லை.
அதே பக்கத்தில் அன்று மூன்று அடக்கம்.

ஞானஸ்நானத்தில் ஆணெல்லாம் ஜோசப்,
பெண்ணெல்லாம் மரி.
மத்துரேனுக்கு ஒரு மரி-ஆஞ்செலிக். எட்டு நாள்.
அடுத்த மார்ச்சில் மரி-ஆஞ்செலிக். நான்கு மாதம்.
மறுபடியும் ஒரு மரி-ஆஞ்செலிக்.
பெயர் தீர்ந்துபோயிற்றா என்று கோபம் வந்தது.
பிறகு அவள் அடக்கப் பதிவைப் பார்த்தேன்:
எண்பத்தொரு வயது.
மூன்று பேருக்கான ஆயுசு,
பங்கு போடாமல்.

நான் வந்தது இவர்களுக்காக அல்ல.

எங்கள் ஊர்க் கல்லறையில் அன்ரிக்குப் பக்கத்தில்
ஒரு கல். 'திருமதி ஹென்றி ஷார்ட்ஸ்லீவ்.'
அவ்வளவுதான்.
ஒன்பது பெற்றவள். பேர் சொல்ல ஒன்பது பிள்ளை இருந்தும்
அவள் பேரை ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.
ஆற்றின் இந்தப் பக்கம் செத்திருந்தால்
பிறந்த பெயரோடு புதைத்திருப்பார்கள்.
இங்கே வழக்கம் அது.
மணமானாலும் ஏட்டில் அவள் அவளே.

கல்யாணப் பதிவு, கடைசி வரி.
மணமகனுக்குக் கையெழுத்திடத் தெரியாது.
சாட்சி இருவருக்கும் தெரியாது.
மணமகள் கையெழுத்திட்டாள்.

செலீர் தெத்ரோ.

மை கொஞ்சம் தடித்து,
இரண்டு 'தி'க்களின் குறுக்குக் கோடும்
ஒரே இழுப்பில்,
தாளின் ஓரம்வரை போய்,
நீளக் கை.

சூப்காரரிடம் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்,
"நல்ல எழுத்து," என்றார், திரும்பச் சாப்பிட்டார்.

பாரே ஊரில் கல் வெட்டுகிறவரை
வண்டிக்குள்ளிருந்தே கூப்பிட்டேன்.
எழுத்துக்கு இருபத்திரண்டு டாலர்.
மேலே வரும் சாய்கோடு இரண்டுக்கும் தனி.
பதினைந்து எழுத்து என்றேன்.
சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் நிறுத்தினார்:
"கடைசி இரண்டும் வாயில் வராத எழுத்தாயிற்றே,
அதையும் வெட்டணுமா? உங்கள் காசு."

வெட்டுங்கள்.
அவள் போட்டிருக்கிறாள்.