காலாண்டின் கடைசி நாள்

பஃபலோவில் மார்ச் முடிந்தும் பனி முடியவில்லை.
ஜன்னல் இல்லாத கூடம் எங்களுடையது;
வருகிறவர்களின் காலணி ஈரத்தில்தான்
வெளியே என்ன பெய்கிறதென்று தெரியும்.

என் பெயர் லொரெய்ன் கஸ்மாரெக்.
தொலைபேசியில் மட்டும் மிஸ் பார்க்கர்.
வசவெல்லாம் அவளுக்கு.
தொண்டை வலி எனக்கு.

ஏர்ல் மோல்னார், டொலிடோ, ஒஹாயோ.
மனைவியின் பித்தப்பைக்கு ஆஸ்பத்திரி எழுதிய கணக்கு
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு டாலர்.
முதலாளி அதை வாங்கியது டாலருக்கு நாலு சென்ட்,
இன்னும் ஆயிரம் பெயர்களோடு,
பழைய இரும்பை எடைக்கு எடுப்பது போல.
நாய் விற்ற காசு குரைக்காதாம்.
இது குரைக்கும்,
மணிக்கு நாற்பது அழைப்பு,
என் குரலில்.

எனக்குக் கூலி மணிக்குப் பதினாறு.
மாதம் இருபத்தெட்டாயிரம் வசூலான பிறகு
மேலே விழும் நூறுக்குப் பன்னிரண்டு.
எட்டாவிட்டால்
திங்கட்கிழமை என் நாற்காலியில்
வேறொரு மிஸ் பார்க்கர்.

இரவு ஏழே முக்கால்.
பலகையில் என் பெயருக்கு நேரே
டுவைட் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுவிட்டான்.
முழுத் தொகையும் கேட்டேன்.
ஏர்ல் பேசவில்லை.
நாலாயிரம் என்றேன். பேசவில்லை.
மூவாயிரம்.
கோப்பைக்குள் கரண்டி சுற்றும் சத்தம்.
மௌனத்தை இப்படி இறுக்கிப் பிடிக்க
எங்கள் ஆட்களுக்குத்தான் வரும்.

"க்ளீவ்லாந்தில் பதினோரு வருஷம்
உன் வேலைதான் பார்த்தேன்" என்றார் ஒருவழியாக.
"உன் கடிதம் ஜனவரியிலேயே வந்துவிட்டது.
காலாண்டு முடியட்டும் என்றிருந்தேன்.
சொல்லம்மா, எவ்வளவு குறைகிறது உனக்கு?"

ஒலியை அடைக்கும் பொத்தானை அழுத்தினேன்.
சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு.
இந்தப் பேச்சும் பதிவாகிறது,
எல்லாமே பதிவாகிறது.
விளக்கு அணைந்ததும்
லொரெய்ன் பேசினாள்:
ஆயிரத்து எழுநூற்று நாற்பது.

"ஐம்பதாக வைத்துக்கொள்.
முதலில் கடிதம். முழுக்கணக்கும் தீர்ந்தது,
மிச்சத்தை எவனுக்கும் விற்பதில்லை என்று எழுது.
வங்கி எண் கேட்காதே,
மருந்துக்கடையில் வாங்கிய அட்டை இருக்கிறது."

தட்டச்சு செய்துகொண்டே கேட்டேன்,
கேள்வித்தாளில் இல்லாததை:
உங்கள் மனைவி இப்போது நலமா?
"ரொம்ப நலம்.
டேட்டனில் இருக்கிறாள்,
வேறொருவனோடு."

எட்டு மணிக்கு டுவைட் பலகையைத் துடைத்தான்.
எல்லோர் பெயருக்கு நேரேயும் பூஜ்யம்.

இலக்குக்கு மேலே நின்றது பத்து டாலர்.
அதில் என் பங்கு ஒரு டாலர் இருபது.
தாழ்வாரத்துக் காப்பி இயந்திரம் கேட்பது ஒன்றே கால்.
அதன் முன்னால் போய்
ஒரு வார்த்தை பேசாமல்
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

அது இறங்கி வரவில்லை.