நூற்றைம்பதுக்கு மேல்

சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள்,
இடையே ஒரு மீட்டர்.
சக்கரம் ஏறினால் உள்ளே காற்று ஒருமுறை இருமும்.
அந்த இருமலைத்தான் எண்ணுகிறோம்.
குதிரைக்கு இருமாது.
ஆட்டு மந்தை கடந்தால் ஆயிரத்து நூறு இருமும்,
மென்பொருள் அதை இரைச்சல் என்று துடைத்துவிடும்.

கோக்-தாலா, நாரின் பக்கம். அக்டோபரில் ஏழு நாள்.
நாளுக்கு நூற்றைம்பது வண்டி போனால் தார்.
போகாவிட்டால் இதே சரளை,
அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும்.
ஊருக்கு இது தெரியக்கூடாது.
ஆனால் குழாயை ஆணியடித்த குபான்
அங்கே தேநீர் குடித்திருக்கிறான்.
தெரியாமலா இருக்கும்?

பிஷ்கெக்கில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டருக்கு முதுகைக் காட்டியபடி பார்க்கிறேன்.
சராசரி நூற்று ஐம்பத்திரண்டு.

இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை ஐந்துவரை
ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி.
கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று.
முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் மூன்று மீட்டர் எழுபது,
எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.
பழைய காஸ் லாரி. பால் வண்டியாக இருக்கலாம்.
பெட்ரோலுக்கு வீடு வீடாக வசூலித்திருப்பார்கள்.
ஒருவன் ஓட்ட ஒருவன் தூங்கியிருப்பான்.
திங்கள் இரவு மட்டும் ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று தடுமாற்றம்.
யாரோ பாட்டிலோடு ஏறியிருக்கிறார்கள்.
பக்கத்து மேசை நுர்ஜமாலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
சிரித்தோம்.

பிறகு வியாழன்.
இரண்டு நாற்பது. கீழ் நோக்கி. அதே மூன்று எழுபது.
வேகம் எண்பத்து நான்கு.
அந்தச் சரளையில் நாற்பதைத் தாண்டினால்
கண்ணாடி கழன்று விழும்.
அப்புறம் ஒன்றுமில்லை.
இரண்டு நாற்பத்தைந்து இல்லை. இரண்டு ஐம்பது இல்லை.
காலை ஒன்பது பத்துக்கு மேல் நோக்கி ஒரு வண்டி,
மூன்று எழுபது,
வேகம் பதினெட்டு.

அன்றிரவு ஒன்பதுக்குத் தொடங்கவில்லை.
பத்தே முக்காலுக்குத்தான் தொடங்கினார்கள்.
தொடங்கினார்கள்.

கள்ளப் போக்கை நீக்கு என்பது விதி.
நீக்கினேன், ஒவ்வொன்றாக, இரண்டு நாள் பிடித்தது.
மிச்சம் அறுபத்து நான்கு.
அந்த இரண்டு நாற்பதையும்
ஒன்பது பத்தையும் தொடவில்லை.
குறிப்புப் பத்தியில் 'இவை வண்டிகள்' என்று எழுதினேன்.

மேலாளர் அப்திகாலிக் சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
எண்பத்து நான்கா? குழாய்க் கோளாறா?

இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டு
ஐந்து மணிவரை இருந்தேன்,
வேறேதும் கேட்பாரா என்று.