எண்பத்தொன்று புள்ளி நான்கு

ஐம்பது சென்டாவோ கொடுத்தால்
உங்கள் எடையைச் சொல்வேன்.
எல் ஆல்ட்டோவின் வியாழச் சந்தையில்
பழைய டயர்க்காரருக்கும் ரேடியோ ரிப்பேர்காரிக்கும் நடுவே
நீலச் சாக்கு, சாக்கின்மேல் எடை மிஷின்,
மிஷினுக்குப் பின்னால் நான்.
பதினொரு வருஷமாக அதே இடம்.

எர்மினியா லிமாச்சி வருவாள்.
வட்டத் தொப்பியை என் மடியில் வைப்பாள்,
பிறகு சால்வை, செருப்பு,
சில்லறை கனக்கும் பை.
பாவாடை ஐந்து அடுக்கு.
"ஒன்றரை கிலோ கழித்துக்கொள்."
கழித்தேன்.
எண்பத்தொன்று புள்ளி நான்கு.
போன வாரமும் அதுதான்.
அதற்கு முந்தைய ஐந்து வாரமும்.

"உன் மிஷின் செத்துப்போச்சு."
டயர்க்காரரிடம் ஐந்து கிலோ சர்க்கரை மூட்டை கடன் வாங்கி வைத்தேன்.
ஐந்து என்றது.
அந்த மூட்டையை அவள் பார்த்த பார்வை
உறவுக்காரன் பொய்ச்சாட்சி சொன்னால் பார்ப்பது.

விடியுமுன் நடக்கிறாள்,
சோளக் கஞ்சிக் கடை திறப்பதற்கு முன்,
தேவாலயத்திலிருந்து பெட்ரோல் பங்க் வரை,
பங்க்கிலிருந்து தேவாலயம் வரை,
நாற்பது நிமிஷம்.
முதல் இரண்டு மாதத்தில் ஆறு கிலோ போனது.
பிறகு ஒரு கிராம் நகரவில்லை.
ராத்திரி ரொட்டியை நிறுத்தினாள்.
நடையை ஐம்பது நிமிஷம் ஆக்கினாள்.
செக்கு மாடு கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரே பீடபூமி.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் தட்டையாகக் கிடக்கிறது.
புதிதாக வருகிறவன் ரெண்டு நாள் வாயைப் பிளப்பான்,
மூன்றாம் வாரம் பந்து விளையாடுவான்.
உடம்பு கஞ்சன்.
வழி தெரிந்துவிட்டால் பாதிச் செலவில் போய்வரும்.

அவளே சொன்னாள்:
"புது அடுப்பில் ஒரு சிலிண்டர் பத்து நாள் வந்தது.
கை பழகினதும் பதினாலு நாள்.
அப்போது சந்தோஷப்பட்டேனே."

அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
ரேடியோக்காரி, விட்டுவிட்டாள் போல, என்றாள்.
நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் வாரம்
வழக்கமான திக்கிலிருந்து அல்ல,
ஊர் சட்டென்று முடிந்து
லா பாஸ் கிண்ணம்போல் கீழே கிடக்கும்
அந்த விளிம்பிலிருந்து வந்தாள்.
கன்னம் பீட்ரூட்.
பேச முடியவில்லை, விரலால் காட்டினாள்: கேபிள் கார், கீழே.
படிகள், மேலே.

மூச்சு வந்தபின் சொன்னாள்.
பச்சைக் கதவு வரை ஓட்டம்.
விளக்குக் கம்பம் வரை ஊர்தல்.
மறுபடி ஓட்டம்.
"பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறேன்,
நாய்கள் எனக்கு வழிவிடுகின்றன."
செவ்வாயன்று சும்மா தூங்குவாளாம்.
ரொட்டி திரும்ப வந்துவிட்டதாம், ஒன்றே ஒன்று.

ஏறி நின்றாள்.
எண்பத்திரண்டு புள்ளி ஒன்று.
நான் கண்ணாடியை உள்ளங்கையால் மூடினேன்.
கையை எடுத்து நகர்த்தி வைத்தாள்.
பார்த்தாள்.
காசைக் கொடுத்தாள்.
சால்வையை மறந்துவிட்டுப் போனாள்.
ஓடிப்போய்க் கொடுத்தேன்,
அந்த இருபது அடிக்கு எனக்கு இளைத்தது.

மறுவாரமும் எண்பத்திரண்டுதான்.
அதற்கடுத்த வியாழன் எண்பது புள்ளி ஆறு.

நான் கை தட்டப் போனேன்.
"பாவாடையைக் கழித்தாயா?"
"கழித்தேன்."
"ஒருமுறைதானே?"
"ஒருமுறைதான்."
தொப்பியை மாட்டிக்கொண்டு
விளிம்பின் பக்கம் பார்த்தபடி நின்றாள்.
"நாளைக்கு வேறு படி தேடணும்.
இந்தப் படிகளுக்கு என்னை அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது."

சந்தை கலைந்தது.
இல்லிமானி மலைமேல் கடைசி வெளிச்சம்.
ரேடியோக்காரி பெட்டியைக் கட்டிவிட்டாள்.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
நான் மிஷின்மேல் ஏறினேன்,
பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

எவ்வளவு என்கிறீர்களா?
ஐம்பது சென்டாவோ.