எங்கே கட்டுவது

தாராவி தொண்ணூறடிச் சாலையில்
ஃபோம் விற்கிறவர் என்னைக் கண்ணாலேயே அளந்து
நாலே முக்கால் அடி போதும் என்று வெட்டிவிட்டார்.
அதனால் என் பாயில்
என் குதிகால்களுக்கு இடமில்லை.
அது ஒரு குறையே அல்ல.
சுருட்டிய பிறகு அதை எங்கே கட்டுவது,
அதுதான் மூன்று மழைக்காலமாகத் தீரவில்லை.

பைக்கு அடியில் குறுக்காகக் கட்டினேன் முதலில்.
மலையில் சரி,
பாரம் இடுப்போடு நின்றுவிடும்.
ஆனால் மலைக்கு ரயிலில் போக வேண்டியிருக்கிறதே.
குர்லாவில் என் அகலமும் கதவின் அகலமும் ஒன்று.
நீ ஏறு, இல்லை அது ஏறட்டும் என்றாள்
மராத்தியில் ஒருத்தி,
கூடையை என் முழங்காலில் இடித்தபடி.

பக்கவாட்டில் நட்டமாக வைத்தால்
ஒரு தோளில் மட்டும் யாரோ
கை போட்டுக்கொண்டே வருவது போல.
மறுபக்கம் இரண்டு லிட்டர் தண்ணீரை வைத்து
சமன் செய்யலாம்.
குடிக்கக் குடிக்கச் சாய்வேன்.

வைஜயந்தி கோர்ப்படே வெளியே கட்டவே மாட்டாள்.
பைக்குள் பாயை வளையமாக இறக்கி,
அந்தக் கிணற்றுக்குள்
துணி, அரிசி, அடுப்பு, மாற்றுச் செருப்பு.
அவளுடையது எழுபது லிட்டர் பை.
என்னுடையதில் கிணறு வெட்டினால்
ஊருக்கு இடமில்லை.

ஜூலையில் இன்னொன்று தெரிந்துகொண்டேன்.
ஃபோம் நனையாது,
ஆனால் சுருளுக்குள் மழை குடியேறும்.
இரவு குகையில் விரித்தால்
நமக்கு முன்னால் அது படுத்திருக்கும்.

தலைக்கு மேலே மட்டும் கட்டாதே,
நிமிர்ந்து மலையைப் பார்க்க முடியாது என்பாள் வைஜயந்தி.
போன ஞாயிறு இறங்கும்போது
அடிவார் அறுந்தது.
பாய் சேற்றில் நாலடி உருண்டு
ஒரு கள்ளிப்புதரில் எனக்காகக் காத்திருந்தது.
வேறு வழியில்லை.
துப்பட்டாவால் உச்சியில் கட்டினேன்.
கசாரா வரைக்கும்
என் காலணிகளை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெண்கள் பெட்டி.
கல்யாணில் கூட்டம் ஏறியதும்
பையை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றினேன்,
இந்த நகரத்தில் அதுதான் மரியாதை.
பாய் இப்போது என் மோவாய்க்குக் கீழே
திண்டு மாதிரி கிடந்தது.

தாணே தாண்டியதும் அது கனத்தது.

எதிரே நின்றவளின் நெற்றி அதன் மேல்.
வெள்ளைக் காலணி, கையில் டிபன் பை,
இரவுப் பணிக்குப் போகிற நர்ஸாக இருக்கலாம்.
மேலே கைப்பிடியை விடாமலே தூங்கிவிட்டிருந்தாள்.
எனக்குத் தெரிந்தது அவள் வகிடும்
மூன்று கிளிப்புகளும்தான்,
ஒன்று விழப் பார்த்தது.
வாயிலிருந்த வேர்க்கடலையை
மெல்லாமல் வைத்துக்கொண்டேன்.
ஒரே திண்டில் இரண்டு முகங்கள்,
ஒன்று விழித்திருந்தது.

காட்கோபர்.
குர்லா.
செம்பூருக்கு நான் இங்கே மாற வேண்டும்.
இறங்கணுமா, இறங்கணுமா என்று
பின்னாலிருந்து நாலு குரல்.
இல்லையென்று தலையாட்டினேன்,
அதையும் மெதுவாக.

தாதரில் யாரும் எழுப்பாமல் அவளே எழுந்தாள்,
நின்றபடி தூங்குகிறவர்களுக்குள்
ஒரு கடிகாரம் உண்டு போல.
கிளிப்பைச் சரிசெய்துகொண்டு
என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனாள்.
அவளுக்குப் பின்னால் வந்த அலை
என்னையும் இறக்கிவிட்டது.

பாலத்தில் டிக்கெட் பரிசோதகர்.
செம்பூர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு
தாதரில் என்ன செய்கிறாய் என்றார்.
அபராதம் இருநூற்றைம்பது, கட்டணம் தனி.
ரசீது எழுதும்போது
சேறு படிந்த என் கால்களையும் பையையும்
ஏற இறங்கப் பார்த்தார்.
குரல் கொஞ்சம் இறங்கியது.

தூங்கிட்டியா?

பாயின் மேல் நாணயமளவு ஓர் ஈரம்
இன்னும் காயவில்லை.

நான் இல்லை என்றேன்.