பனியின் நிழல்

வாழைச்சேனை நூலகத்தில் ஒன்பது பேர்.
மின்விசிறி என் தாள்களைக் கலைக்க
ஹெஸ்டர் ப்ரைனின் கதை சொன்னேன்:
வைத்தியருக்குக் காசில்லாமல்
ஏரியொன்றைக் கீறிக் கொடுத்தவள்.
பிறந்த ஆண்டு இரண்டு பதிவில் இரண்டு விதம்.
கல்லறையைப் பார்க்கச் சொல்லி
ஒன்டாரியோ மச்சாளைக் கெஞ்சினேன்;
படம் வந்தது,
எழுத்தெல்லாம் பனிக்குக் கீழே.
"தட்டிவிட்டு எடுத்திருக்கலாமே?"
"கை விறைக்குது, போடி."

கடைசிப் படம்: உறைந்த ஏரி.
நிழலுக்கு ஏன் அந்த நீலம்,
எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றேன்.

பின்வரிசையில் நிஸ்தார்,
ஐஸ் வாடிக்காரர், செருப்பில் மரத்தூள்:
"விடியச்சாமத்துல கட்டி உடைக்கக்குள்ள வந்து பாருங்க டீச்சர்,
உள்ளுக்கு அந்த நிறம்தான்.
பொம்புள பார்த்துத்தான் கீறியிருக்கா."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்:
ஆதாரம் – நிஸ்தார், வாழைச்சேனை.