படகு எண் கட்டாயம்

ஆறாவது கட்டம் சிவப்பாகவே நிற்கிறது.
பெயர்: சூசன்னாள். ஊர்: கடியபட்டணம்.
வயது ஐம்பத்திரண்டு. தொழில்: மீன்.
படகு எண் என்ற இடத்தில்
பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள்
பதினான்கு டி.

அது அவள் ஏறிவரும் பேருந்து.

நாகர்கோவிலில் ஒரு மூன்றாம் மாடியில்
தினக்கூலிக்குத் தட்டச்சு செய்கிறேன்.
கடலுக்குள் புதிதாக ஒரு பாதுகாப்பு மண்டலம்;
பாதிக்கப்படுவோர் பட்டியல்
வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.
'செல்லாத எண்' என்கிறது கணினி.
மறுபடி தட்டினால் மறுபடி சொல்கிறது,
சலிப்பே இல்லாத குமாஸ்தா.

கூட்டத்துக்கும் நான்தான் குறிப்பெடுத்தேன்.
காலை பத்து மணி, கல்யாண மண்டபம்.
வள்ளங்கள் கரைபிடிக்கிற நேரம் அது என்று
தேதி குறித்த எவருக்கும் தோன்றவில்லை.
திரையில் வரைபடம்.
பச்சைக்கோடு பாறைகளைச் சுற்றி வளைந்து
கரைக்கு வெகு அருகில் வந்து முடிந்தது.
அதற்குள் தூண்டில் கூடாது, வலை கூடாது.
ஊடறுத்துப் போன நீலக்கோட்டைக் காட்டி
அது என்னவென்று கேட்டார் ததேயுஸ்.
கப்பல் பாதை, அது தொடரும் என்றார்கள்.

அவர் உட்காரவில்லை.
"ஆமெ சிக்கினா நான் வலையதான் அறுப்பேன்.
ரெண்டு வருசத்துல மூணு வல.
எவன்கிட்டயும் ரசீது கேக்கல்ல.
கடலு நல்லாருக்கணும்னு எனக்கும் உண்டு சாரே.
எங்கள வெளியே நிறுத்தீட்டு
கப்பல உள்ள விட்டா
அது யாருக்க காவலு?"

நான் எழுதினேன்:
'மீனவர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.
பதிவு செய்யப்பட்டது.'
அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

சூசன்னாளுக்கு நாற்காலி கிடைத்தது.
பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையை
மூக்குக்குக் கொண்டுபோனதும் எழுந்துவிட்டாள்.
மைக் அவள் கைக்கு வந்தபோது
மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு வள்ளம் இல்ல.
வள்ளத்துல வாறது எனக்க தலையில ஏறும்,
பொறவு பஸ்ஸுல ஏறும்.
கடல அடச்சா எனக்க சருவம்தான் மொதல்ல காலி.
நான் எந்தக் கட்டத்துல வாறேன்?"

யாரோ ஒரு விண்ணப்பத்தை நீட்டி
ஒன்றுவிடாமல் நிரப்புங்கள் என்றார்கள்.

நிரப்பியிருக்கிறாள்.
எஞ்சின் குதிரைத்திறன்: ஒன்று.
பக்கத்திலேயே, சின்ன எழுத்தில்: முட்டுவலி.

சிரித்துவிட்டேன்.
பிறகுதான் அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன்.
எங்கள் வீட்டு நாட்காட்டியில்
மீன்கடன் குறித்துவைக்கும் அதே கை,
அதே கொம்பு வளைந்த ஒற்றெழுத்து.
போன செவ்வாய்க்கிழமை அயிலைக்கு
இருபது ரூபாய் குறைத்தேன் நான்.
குறைத்தது போக, கைநிறைய நெத்தோலி
மேலே போடவும் சொன்னேன்.
போட்டாள்.

பதினான்குக்கு முன்னால் சைபர்கள் சேர்த்துப் பார்த்தேன்.
ஏற்கவில்லை.
படகுகளுக்கு உரிய முன்னெழுத்துகளைச் சேர்த்தேன்.
ஏற்றுக்கொண்டது.
ஒரு நிமிடம்போல
சூசன்னாள் பெயரில் ஒரு வள்ளம் மிதந்தது.

ஆய்வுக்கு வருவார்கள்.
எங்கே வள்ளம் என்று கேட்பார்கள்.
மணலில் நின்று அவள் என்ன சொல்வாள்?
எண்ணை வாங்கித்தந்தது நான், கள்ளி அவள்.
அழித்தேன்.
கட்டம் சிவந்தது.

மணி ஐந்தரை.
பூட்டப் போகிறேன் என்கிறார் கண்காணிப்பாளர்.
இன்னும் நூற்றுப் பதினேழு தாள்கள், எல்லாம் பெண்கள்.
ஆறாவது கட்டத்தை ஒருத்தியும் வெறுமையாக விடவில்லை.
ஐந்து எஃப். மறுபடி பதினான்கு டி.
ஓர் ஆட்டோவின் எண்.
மருமகன் பைக்கின் எண், அவன் செல்பேசி எண்ணோடு.
ஒருத்தி மட்டும் எழுதியிருக்கிறாள்:
நடை.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.